இனாரியில் நான் மூடிய குழாய்

தாராவி,
9-11-2025, ஞாயிறு.

அன்பு மகன் ராஹிலுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நலமாக இருக்கிறோம். வாப்பாவின் வலது முழங்கால் மட்டும் இதில் சேராது, அது தன் நலத்தை ஒவ்வொரு படி ஏறும்போதும் தானே உரக்கச் சொல்லிக்கொள்கிறது. நீயும் மருமகள் சாயிமாவும் அந்த ஃபின்லாந்துக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பால்கனிக் கம்பியில் பனி உட்கார்ந்திருக்கும் படத்தை வாப்பாவிடம் காட்டினேன், ராத்திரி வைத்த இட்லி மாவு பொங்கி வழிந்த மாதிரி இருக்கே என்றார்கள். இங்கே இன்னும் வேர்க்கிறது. லிஃப்ட் பதினாறு நாளாக ஓடவில்லை, ஏழு மாடி ஏறி வந்தால் மூச்சு திரும்பக் கால் மணி நேரம் ஆகிறது. தீபாவளிக்குக் கீழ்வீட்டு பிரம்மநாயகம் அண்ணாச்சி வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி நிறைய முறுக்கு வந்தது, உனக்குப் பிடித்த தேன்குழலும் இருந்தது, உன் பங்கையும் சேர்த்து வாப்பா தின்றுவிட்டார்கள். பெயின்ட் அடித்த தண்ணீர்த் தொட்டியை வைத்து சொசைட்டியில் ஒரு மாதமாகச் சண்டை, அதை எழுத ஆரம்பித்தால் நான் எழுத வந்தது நின்றுபோகும்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் மூன்று முறை ஆரம்பித்துப் பார்த்தேன். முதல் முறை உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. இரண்டாம் முறை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், சாயிமா உள்ளேயிருந்து, மாமி இன்னைக்கு என்ன மீன் என்று கேட்டாள், அந்தக் குரலைக் கேட்டதும் மீனைப் பற்றியே பேசி முடித்துவிட்டேன். மூன்றாம் முறை உனக்கு நேரம் இருந்தது, சாயிமாவும் வீட்டில் இல்லை, நான்தான் அங்கே எத்தனை டிகிரி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், எனக்கும் ஓடி ஒளிய இடம் இருக்காது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் நானே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், தாள்கள் தபாலில் பின்னால் வரும். நான் சொல்ல வந்தது போன டிசம்பரில் நாம் இனாரிக்குப் போனோமே, அந்தப் பயணத்தைப் பற்றி.

அந்தப் பயணத்தைப் பற்றி நான் இங்கே பேசாத நாள் இல்லை. மாடியில் இருக்கும் ஷமீமாவுக்கு எல்லாப் படமும் மனப்பாடம். நீங்கள் இருக்கும் ஓலு ஊரிலிருந்து ஏழு மணி நேரம் வடக்கே காரில் போனது, வழி முழுக்க மரங்கள் வெள்ளைப் பர்தா போட்ட பெண்கள் மாதிரி வரிசையாக நின்றது, அந்த மாதத்தில் அங்கே சூரியன் ஏறுவதே இல்லை என்பது, நடுப்பகலில் ஒரு மூன்று மணி நேரம் மட்டும் மசியைத் தண்ணீரில் கரைத்த மாதிரி ஒரு நீல வெளிச்சம் வருவது, எல்லாம் சொல்வேன். சூரியனே வராத ஊரில் லுஹர் தொழுகை எப்போது அஸர் எப்போது என்று ஷமீமா கேட்டதற்கு, என் மகன் போன் சொல்லும் என்றேன். மூச்சு விட்டால் கண் இமையில் உப்பு மாதிரி உறைவதைச் சொல்வேன். ஏரியின் மேல் மனிதர்கள் கடைக்குப் போகிற மாதிரி நடந்து போவதைச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், அதற்கும் படம் இருக்கிறது. நான்கு அடுக்குத் துணி போட்டபின் எனக்குக் குனிய முடியவில்லை, சாயிமாதான் தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ் மாட்டினாள், பூட்ஸை அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தாள், க்ளவுஸ் தொலைந்துபோகாமல் இருக்க நாடா கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு வாட்டர்பாட்டில் மாட்டுற மாதிரி மாட்டுறியே என்றேன், இங்க நீங்க ஒண்ணாங்கிளாஸ்தான் மாமி என்றாள். அந்தப் பயணம் முழுக்க அவள் போட்ட திட்டம். எனக்கு அந்த வடதுருவ வான வெளிச்சத்தைக் காட்ட வேண்டும் என்று ஆறு மாதம் முன்னாலேயே அந்த மரவீட்டை நான்கு இரவுக்குப் பிடித்து வைத்திருந்தாள். முதல் நாள் காலையில் அந்த வீட்டு வாசலில் இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டு நிற்கும் அவள் படம் ஒன்று என் போனில் இருக்கிறது. எல்லாப் படத்தையும் ஷமீமாவுக்கு நிதானமாகக் காட்டுகிறவள், அது வந்ததும் விரலால் சட்டென்று தள்ளிவிடுகிறேன்.

ஏனென்று சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரப் பெரியவர் வந்து கதவைத் தட்டினார் அல்லவா. நான் உள்ளே துணி மாட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாய்க்குச் சூடு கொடுக்கிற ஒயர் பழுதாகிவிட்டது, திங்கட்கிழமைதான் சரி செய்ய ஆள் வரும், அதுவரை வெளியே போகும்போது சமையலறைக் குழாயைக் கொஞ்சம் திறந்து ஓடவிட்டுப் போங்கள், தண்ணீர் நின்றால் உறைந்துவிடும் என்று அவர் ஃபின்னிஷில் சொல்லியிருக்கிறார். உனக்கு அந்தப் பாஷை வராது, சாயிமாதான் கேட்டு உனக்குச் சொல்லியிருக்கிறாள், குழாய் உன் பொறுப்பு என்று நீ அவளிடம் விட்டிருக்கிறாய். இதெல்லாம் எனக்குச் சாயங்காலம்தான் தெரியும். பதினொரு மணிக்குக் கலைமான் வண்டியில் போகக் கிளம்பினோம். நீ காரைச் சூடாக்கப் போய்விட்டாய், சாயிமா பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள், நான் தஸ்பீஹ் மணியை மறந்துவிட்டேன் என்று திரும்ப உள்ளே போனேன். நினைவிருக்கிறதா, சீக்கிரம் வாங்க உம்மா என்று ஹாரன் அடித்தாய். மணி சமையலறை மேஜையில் இருந்தது. அதை எடுக்கும்போது குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பென்சில் முனை கனத்துக்கு, ஒரே சீராக, நூல் மாதிரி. சத்தம்கூட அதிகம் இல்லை. பாவி மக்கள், தண்ணியைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்காங்களே என்று நினைத்தேனா என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் கை போய் அதை மூடிவிட்டது. நன்றாக, இரண்டு திருகு, இறுக்கி.

அந்தக் கையை உனக்குத் தெரியும். நீ பிறந்த அந்தப் பத்துக்குப் பத்து அறையில் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஆறே முக்காலுக்கு நின்றுவிடும், அதற்குள் இரண்டு ட்ரம், மூன்று ஹண்டா, குடம், சட்டி, உன் பால் டம்ளர் வரைக்கும் நிரப்பிவிட்டுத்தான் நான் மாநகராட்சிப் பள்ளிக்கு ஓடுவேன். அங்கே போயும் அதே தண்ணீர்தான். ஒவ்வொரு வருஷமும் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கணக்குப் போடுவேன், ஒழுகும் குழாயில் நிமிடத்துக்கு அறுபது சொட்டு, இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர், ஒரு நாளைக்கு எவ்வளவு வீணாகும் என்று. நான்கு லிட்டருக்கு மேல் வரும். ஒரு வீட்டின் குடிதண்ணீர் அது என்று சொல்லி, பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய்ப் பள்ளிக் குழாய் ஒவ்வொன்றையும் இறுக்கி மூட வைப்பேன். நீயும் மூடியிருக்கிறாய். முப்பத்திமூன்று வருஷம் ஊருக்கெல்லாம் குழாய் மூடக் கற்றுக்கொடுத்தவளுக்கு, திறந்திருந்தால்தான் நல்லது என்று ஒரு குழாய் உலகத்தில் இருக்கும் என்று தோன்றவில்லை. அதனால் மூடியதற்காக நான் என்னை அதிகம் நொந்துகொள்ளவில்லை. அது பழக்கம். அதற்குப் பிறகு செய்ததைத்தான் எழுத வேண்டும்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தோம். வெளியே மைனஸ் முப்பத்தொன்று என்று காரில் பார்த்தாய். டீ போடலாம் என்று நீ குழாயைத் திருகினாய், ஒன்றும் வரவில்லை. பெரியவர் வந்து தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார், சூடு காட்டியதும் குழாய் எங்கோ வெடித்திருந்த இடத்திலிருந்து சுவர் வழியாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது, ஓடி மெயினை அடைத்தார். அவர் கோபப்படவில்லை. எங்கள் குளிர் இப்படித்தான் என்ற மாதிரி தோளைக் குலுக்கினார். இனி இங்கே தங்க முடியாது, விடுமுறை வாரம் என்பதால் வேறு வீடும் காலி இல்லை என்றார். நீதான் கோபப்பட்டாய். கோபம் வந்தால் நீ இந்திக்குப் போய்விடுவாய், ஏக் காம் போலா தா சாயிமா, ஏக் காம், என்றாய். ஒரே ஒரு வேலைதானே சொன்னேன், இப்படி இறுக்கி மூடியிருக்கே, மூடினது யாரு, குழாய் தானா மூடிக்கிச்சா என்று கேட்டாய். அவர் சொன்னது உனக்கு ஒழுங்காப் புரிஞ்சுதா என்று, இரண்டு வருஷம் ராப்பகலாகப் படித்த அவள் பாஷையையும் சந்தேகப்பட்டாய், அந்தப் பெரியவரை வைத்துக்கொண்டே.

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. புரிந்த அந்த நிமிடமே, நான்தான் மூடினேன் ராஹிலு என்று சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய். தாராவி கை உம்மா என்று கேலி செய்திருப்பாய். வாய் வரை வந்தது. சொல்லலாம் என்று நான் தயாராவதற்குள் நீ என் பக்கம் திரும்பி, உம்மா நீங்கதானே கடைசியா வந்தீங்க, குழாய் திறந்திருந்துச்சா என்று கேட்டாய். நான் சொன்ன பதில் எனக்கு ஒரு எழுத்துக் குறையாமல் ஞாபகம் இருக்கிறது. "நான் கிச்சன் பக்கமே போகலியேப்பா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதினொரு மாதமாக எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெரியவர் முன்னால் வெட்கம், உன் கோபத்துக்குப் பயம், வந்த இடத்தில் வம்பு வேண்டாமே என்ற எண்ணம். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் இன்னொன்றும் இருந்தது, அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். உங்கள் வீட்டில் இருந்த மூன்று வாரத்தில் நீ எதற்கும் அவளைத்தான் கேட்டாய். சாயிமா எந்த ஜாக்கெட், சாயிமா எந்த வழி, சாயிமா உம்மாவுக்கு மாத்திரை எப்போ. ஒரு காலத்தில் உம்மா உம்மா என்று கேட்டவன். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அது உனக்குத் தெரியும். இருந்தும் நீ அவளைத் திட்டியபோது என் நெஞ்சில் ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் நான் வாயைத் திறக்க வேண்டிய அரை நிமிடமும் அதுதான். காலையில் என் காலை மடியில் வைத்துக்கொண்டவள் மூன்று அடி தள்ளி நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதைக் கவனித்தாயா? முதலில் நீ கேட்டதும், நான் திறந்துதான் வச்சேன் என்று நேராகச் சொன்னாள். நான் அந்தப் பதிலைச் சொன்ன பிறகு, திறந்தேன்னுதான் நெனச்சேன் என்றாள். சாமானைக் காரில் ஏற்றும்போது, மறந்திருப்பேன் போல என்றாள். வகுப்பில் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சரியாக எழுதியிருக்கும். டீச்சர் பக்கத்தில் போய் ஒன்றும் சொல்லாமல் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு நின்றால் போதும், பிள்ளை ரப்பரை எடுத்து அழித்துவிட்டு ஐம்பத்துநாலு என்று எழுதும். அதனால்தான் சரியான விடைக்கு உடனே டிக் போட்டுவிட வேண்டும் என்று புதிதாக வருகிற டீச்சர்களுக்குச் சொல்வேன். அன்றைக்கு அவள் சரியான விடையைத் தானே அழித்ததை நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

திரும்பி வரும் வழியில், ஆறு மணி இருக்கும், நீ காரை ஓரமாக நிறுத்தினாய். உம்மா இறங்குங்க, வானத்தைப் பாருங்க என்றாய். இறங்கினேன். பச்சையாக, துணியை இரண்டு பக்கமும் பிடித்து உதறினால் அலை ஓடுமே, அந்த மாதிரி வானம் முழுக்க ஓடியது. இவ்வளவு பெரிய காரியம் சத்தமே இல்லாமல் நடக்கிறதே என்று நினைத்தேன். சாயிமாவைக் கூப்பிட்டாய், எனக்குக் குளிருது நீங்க பாருங்க என்று உள்ளேயே இருந்துவிட்டாள். இங்கே எல்லோரும் அந்த வெளிச்சம் எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் சொல்கிறேன். ஆனால் கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது கார்க் கண்ணாடிதான். அதில் பச்சை ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பின்னால் அவள் தலையைக் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்ததா மூடியதா என்று அந்தக் கையையே கேட்கிற மாதிரி.

காலம் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நீ மறந்துவிட்டாய், இந்த டிசம்பருக்கு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மறுபடி இனாரிக்குப் போவோம் என்று கேட்கிறாய். அவள் மறக்கவில்லை. போன வியாழக்கிழமை நீ வேலையில் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டாள். அவள் மனுப் போட்டிருந்த முதியோர் இல்லத்தில் மருந்து பிரித்து வைக்கும் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று எழுதப்போகிறேன் மாமி, அவர்ட்ட இன்னும் சொல்லல, என்றாள். ஏம்மா, பி.ஃபார்ம் படிச்சுட்டு இதுக்குத்தானே இத்தனை பாடுபட்டே என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஒரு குழாயைத் திறந்து வைக்கத் துப்பில்லாதவ நான். எண்பது வயசு ஆளுங்களோட மாத்திரையை என்னை நம்பி எப்படி மாமி குடுப்பாங்க?" அடுப்பை அணைத்தோமா என்று காரிலிருந்து இரண்டு தடவை இறங்கிப் போய்ப் பார்க்கிறாளாம். கிளம்பும்போது அடுப்பையும் குழாயையும் பூட்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறாளாம். அவர் எதுவும் சொல்லுறதில்ல மாமி, ஆனா நான் செஞ்சதை ஒருவாட்டி பின்னாடியே வந்து பார்த்துட்டுத்தான் போறாரு என்றாள். நீ அப்படிச் செய்வது உனக்கே தெரியுமோ தெரியாதோ. அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் செய்ம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்று அஸர் தொழுதுவிட்டு வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்கள். தோல் பட்டறை வேலையை விட்டு இத்தனை வருஷம் கழித்தும் பிசின் மணம் போகாத அந்தக் கையை ஒருமுறை விரித்துப் பார்த்தார்கள். பிறகு, தப்பு செஞ்ச பிள்ளையளப் பூரா கை நீட்டு கை நீட்டுன்னு சொல்லுவேல்லா நஸீரா, இப்ப நீ நீட்டு என்றார்கள். அவ்வளவுதான். உள்ளே போய் அவர்களே பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார்கள்.

இப்போது உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். சாயிமா அம்பர்நாத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. உனக்கு நான் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்தது இதற்குத்தான் என்று வைத்துக்கொள். இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து நீ அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். சுருக்கிச் சொல்லக் கூடாது. எனக்கு நிம்மதி வந்தது என்று எழுதியிருக்கிறேனே, உம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று அதைத் தாண்டிப் போகக் கூடாது. நீ அவளைத் திட்டியதையும் உன் வாயாலேயே வாசி. அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித் தர மாட்டேன், முப்பத்தாறு வயது ஆகிவிட்டது. இனி அவள் செய்ததைப் பின்னால் போய்ப் பார்க்காதே என்பதை மட்டும் சொல்கிறேன். அவள் என்னைத் திட்டினால் தடுக்காதே. பேச மாட்டேன் என்றால் அதற்கும் உரிமை உண்டு, டிசம்பருக்கு நாங்கள் வருவதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும், நீ சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதை மறந்துவிடாதே. இன்றைக்கே வாசி.

இரண்டு பேருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும், உங்கள் வீட்டில் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பும் பரக்கத்தைத் தரட்டும். வாப்பா சலாம் சொல்லச் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ, தொப்பி போட வெட்கப்படாதே. கீழே இருப்பது மட்டும் உனக்கு இல்லை, அவளுக்கு. அதை வாசிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்து வாசி.

சாயிமா, மாமி சொல்லுதேன் கேளும்மா. நீ திறந்துதாம்மா வச்சிருந்தே. பென்சில் முனை கனத்துக்கு, அவர் சொன்னபடியே, தண்ணி ஓடிட்டிருந்துச்சு. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். மூடினது நான்.

இப்படிக்கு,
உன் உம்மா,
நஸீரா முகைதீன்